புத்தகத்தை மூடிப் படிக்கட்டும்



பொதுத்தேர்வு ஆண்டு பிறந்ததும், இலுப்பூரில் எங்கள் மதரஸாவின் பாய்களில் இடம் காலியாகத் தொடங்கிவிடும். "பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான் ஹஜ்ரத், இந்த ஓராண்டு மட்டும் ஓதுவதை நிறுத்திக்கொள்ளட்டும்" என்று அத்தாமார் வந்து நிற்பார்கள். அவர்கள் கவலை நியாயமானதே. ஆயினும் அவ்வாறு நின்ற பிள்ளைகளில் பலர், மிச்சமான அந்த ஒரு மணி நேரத்தால் பெரிதாக எதையும் ஈட்டியதாக நான் காணவில்லை. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள், சிறுவயதில் அதிகாலை 4 மணிக்கு எழுந்து கணித வகுப்புக்குச் சென்று திரும்பி, பின்னர் அரபுப் பள்ளியில் குர்ஆன் ஓதி, அதன்பின் செய்தித்தாள் விநியோகித்ததைத் தம் நினைவுகளில் கூறியிருக்கிறார்கள்.

குறை நேரத்தில் அன்று, படிக்கும் முறையில் இருக்கிறது.

எம்மிடம் ஓதும் மாணவன் ஒருவன். 5 ஜுஸ்வுகளைத் தடங்கலின்றி ஒப்பிப்பவன். காலாண்டுத் தேர்வில் அறிவியலில் 35-ஐத் தொடவில்லை. எப்படிப் படித்தாய் என்றேன். ஒவ்வொரு பாடத்தையும் 5 முறை வாசித்தேன் என்றான். "யாரிடம் ஒப்பித்தாய்?" என்றேன். விழித்தான். பள்ளிப் பாடத்தையும் ஒருவரிடம் ஒப்பிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை!

ஹிஃப்ழு ஓதும் பிள்ளை என்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அன்றைய புதிய சபக்கை முஸ்ஹஃபை மூடிவிட்டு உஸ்தாதிடம் ஒப்பிக்கிறது. கடந்த சில நாட்களின் பாடத்தையும் கூடவே ஓதிக் காட்டுகிறது. பழைய ஜுஸ்வுகளும் முறைவைத்துத் திரும்பத் திரும்ப வருகின்றன. தடுமாறிய இடத்தை மட்டும் மீண்டும் பார்க்கிறது. குர்ஆனை மனனம் செய்தவரை, கட்டிவைத்த ஒட்டகத்தின் உரிமையாளருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள். கவனித்து வந்தால் தங்கும், அவிழ்த்துவிட்டால் போய்விடும். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள நபிமொழி இது. ஆண்டுதோறும் ரமளானில் ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்ணலாருடன் குர்ஆனை ஒருமுறை ஓதிச் சரிபார்த்தார்கள். அண்ணலார் மறைந்த ஆண்டில் இருமுறை.

இதே உண்மையை 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் சோதித்து வெளியிட்டனர். மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் இரு கட்டுரைப் பகுதிகள் தரப்பட்டன. ஒன்றை இருமுறை வாசித்தனர். மற்றதை ஒருமுறை வாசித்துவிட்டுப் பாராமல் எழுதினர். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இருமுறை வாசித்ததே முந்தியது: 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் சென்றதும் நிலை தலைகீழாயிற்று. வாசித்ததில் 42 விழுக்காடே நினைவில் நின்றது. எழுதிப் பார்த்ததில் 56. இரவில் பன்முறை வாசித்துவிட்டு "எல்லாம் தெரியும் அத்தா" என்று பிள்ளை சொல்வது பொய்யன்று. அந்த 5 நிமிடத்துக்கு அது மெய்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குர்ஆனில் ஓர் எழுத்தும் மாறலாகாது; அறிவியலையும் வரலாற்றையும் அப்படி ஒப்பித்தால் கேள்வி சற்றே மாறினாலும் பிள்ளை திகைத்து நிற்கும். பொருளை உணர்ந்து சொந்தச் சொற்களில் சொல்லட்டும். கணக்கைச் சொல்லிப் பயனில்லை. விடையை மறைத்து வெள்ளைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். ஞாயிறுதோறும் அந்த வாரப் பாடங்களை மீண்டும் ஒருமுறை பாராமல் சொல்லட்டும்.

கேட்பதற்கு யார் இருக்கிறார்கள் என்பீர்கள். படித்தவர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. மஃரிபுக்குப் பின் கால் மணி நேரம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு எதிரில் அமர்ந்தால் போதும்.

அந்த மாணவன் இப்போது தன் பாட்டியிடம் பாடம் கொடுக்கிறான். 1990-களின் தொடக்கத்தில் நம் மாவட்டத்தில் நடந்த அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவர் அவர். சென்ற வாரம் இதயம், இரத்த ஓட்டம் பற்றி அவன் விளக்கி முடித்ததும், "என் சீட்டில் டாக்டர் மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் எழுதுகிறாரே, அது எதற்கு?" என்று கேட்டாராம். மூடிய புத்தகத்தை அவன் மறுபடி திறந்து தேடியிருக்கிறான்.