தலைவலி சாக்கு அல்ல, சகோதரிகளே!

"தலை வலிக்குதும்மா" என்று பிள்ளை சொன்னால் நம்மில் பலர் சொல்லும் பதில் என்ன? "பரீட்சைன்னா உனக்குத் தலைவலி வந்துடுமே!" அதற்கும் அழுகை நிற்காவிட்டால், மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை.

பெரியவர்களைப் போல பிள்ளைகளுக்கும் மைக்ரேன் வரும். ஒற்றைத் தலைவலி என்று பெயரே தவிர, பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நெற்றி முழுக்க வலிக்கும். வாந்தி வரும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்ததும் ஓடி விளையாடும். அதைப் பார்த்து "நடிக்கிறா" என்கிறோம். பாவமில்லையா?

எங்கள் தெருவில் எட்டாவது படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா, ஒரு நோட்டில் வலி வந்த தேதி, நேரம், அன்று சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் இரண்டு மாதம் குறித்து வைத்தார். காலையில் சாப்பிடாமல் ஓடிய நாட்களிலும், மாதவிலக்கை ஒட்டியும்தான் வலி என்று தெரிந்தது. டாக்டருக்கும் அந்த நோட்டு பெரிய உதவியாக இருந்ததாம்.

தினமும் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு தடுப்பு மருந்துகளும் வெறும் மாவு மாத்திரையை விட அதிகப் பலன் தரவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு, தண்ணீர், தூக்கம் இவைதான் முதலில். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், வலி ஆரம்பித்ததுமே கொடுக்க வேண்டும். மாதத்தில் பாதி நாள் மாத்திரை போட்டால், அதுவே தலைவலியை வளர்த்துவிடும். டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. சின்னப் பிள்ளைகளின் ஈரலையும் மூளையையும் அது பாதிக்கக் கூடும்.

ஆனால் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காலையில் எழுந்ததும் வாந்தி, பார்வை மங்கல், நடையில் தள்ளாட்டம், வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, தலையில் அடிபட்ட பின் வலி என்றால், நோட்டு எழுதிக் கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆசிரியைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தலைவலி என்று சொல்லும் பிள்ளையை வெயிலில் பிரேயருக்கு நிறுத்தாமல், வெளிச்சம் குறைந்த இடத்தில் அரை மணி நேரம் படுக்க விடலாமே! அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கோடு இதையும் பேசுவோம். என்ன சகோதரிகளே, செய்வோமா?

- ஒரு வாசகி, விருதுநகர்.