விடுதலை உண்டு, ஓய்வு இல்லை

பெர்லின் பல்கலைக்கழகம் 1810-இல் உருவாகக் காரணமாயிருந்த வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட், உயர்கல்வி நிலையத்துக்கு உரிய அடிப்படைகளாக இரண்டைக் குறிப்பிட்டார்: தனிமை, விடுதலை. இரு நூற்றாண்டுகள் கடந்தும் ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் அன்றாடம் இவ்விரண்டின்மீதே நிற்கிறது. இன்று அங்கே பயிலும் அயல்நாட்டு மாணவர்களில் இந்தியர்களே மிகப் பெரிய குழு. 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர். தனிமையும் விடுதலையும் அவர்களுக்கு என்ன பொருள் தருகின்றன என்பது இந்தியத் துறைகளில் அரிதாகவே பேசப்படுகிறது. பேசப்படுவதெல்லாம் 'கட்டணமில்லாக் கல்வி' என்ற ஒரு தொடர்தான்.

அத்தொடர் பொய்யன்று, முழு உண்மையும் அன்று. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதலே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 முதல் அதைவிடக் கூடுதலாகப் பெறுகிறது. பிற இடங்களில் கட்டணம் இல்லை எனினும், விசாவுக்கு முன்பே ஓராண்டுச் செலவை முடக்கக் கணக்கு ஒன்றில் இட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. மாதம் 992 யூரோ மட்டுமே அதிலிருந்து எடுக்கலாம். பலருக்கு அப்பணம் இந்திய வங்கி தந்த கடன். வாடகை, மருத்துவக் காப்பீடு, உணவு போக எஞ்சுவது சொற்பம். மியூனிக் போன்ற நகரில் வாடகையே பாதிக்கு மேல் விழுங்கிவிடும். ஆகவே மாணவர் வேலைக்குப் போகிறார். ஆண்டுக்கு 140 முழு நாள்கள், அல்லது 280 அரை நாள்கள் வரை சட்டம் அனுமதிக்கிறது. கிடங்கு, உணவகச் சமையலறை, உணவு விநியோகம் என அவ்வேலைகள் அமைகின்றன. துறைசார்ந்த வேலை கிடைப்பவர் பேறு பெற்றவர். அதற்கும் பெரும்பாலும் ஜெர்மன் மொழி வேண்டும்.

இனி விடுதலைக்கு வருவோம். பெரும்பாலான விரிவுரைகளில் வருகைப்பதிவு கிடையாது. வந்தாலும் வராவிட்டாலும் எவரும் கேட்பதில்லை. 75 விழுக்காடு வருகைக்காக மருத்துவச் சான்று தேடி அலைந்த இந்திய மாணவருக்கு முதல் மாதம் இது சொர்க்கமாகத் தோன்றும். பருவ இடைத்தேர்வு இல்லை, அகமதிப்பெண் இல்லை. பல பாடங்களில் இறுதித் தேர்வு ஒன்றே முழு மதிப்பெண்ணையும் முடிவு செய்கிறது. அத்தேர்வுக்கும் குறித்த நாளுக்குள் தாமே பதிவு செய்துகொள்ள வேண்டும். மறந்தால் நினைவூட்ட வகுப்பாசிரியர் என்று ஒருவர் இல்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவருக்கு 'அரியர்' என்பது அன்றாடச் சொல். நான்கு, ஐந்து அரியர்களைச் சுமந்து, கடைசி ஆண்டில் அனைத்தையும் முடித்தவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. தோல்வி அங்கே தள்ளிப்போடத்தக்கது. ஜெர்மனியில் பொதுவாக ஒரு கட்டாயப் பாடத்துக்கு மூன்று வாய்ப்புகள். மூன்றாம் முறையும் தோற்றால் 'இறுதியாகத் தேர்ச்சியின்மை' என்று பதிவாகி, மாணவர் படிப்பிலிருந்தே நீக்கப்படுகிறார். அதே படிப்பை நாட்டின் வேறொரு பல்கலைக்கழகத்தில் தொடரும் வழியும் பொதுவாக அடைபடுகிறது. தங்கும் உரிமையோ மாணவர் என்ற நிலையைச் சார்ந்தது. ஆக, ஒரு விடைத்தாளின் பின்னே கடன், விசா, வீட்டாரின் எதிர்பார்ப்பு மூன்றும் வரிசையில் நிற்கின்றன.

இவ்விதிகள் மறைக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு படிப்புக்கும் தேர்வு விதிமுறைத் தொகுப்பு வெளியிடப்படுகிறது. ஆனால் ஆங்கிலவழிப் படிப்பாயினும் பெரும்பாலும் சட்டப்படி செல்லுபடியாவது ஜெர்மன் மூலமே. ஆங்கில வடிவம் தகவலுக்கு மட்டும். மாணவரைச் சேர்க்கும் மொழி ஒன்று, அவரை நீக்கும் மொழி வேறொன்று. ஆங்கிலவழிப் படிப்புகளைப் பெருக்கி அயல்நாட்டாரை அழைக்கும் பல்கலைக்கழகங்கள் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை.

ஹும்போல்ட் காலத்து மாணவர் பெரும்பாலும் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை. விடுதலையைப் பயன்படுத்த அவரிடம் ஓய்வு இருந்தது. இரவு முழுதும் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டுக் காலை விரிவுரைக்கு வருபவரிடம் விடுதலை உண்டு, ஓய்வு இல்லை. தனிமையும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை ஓய்வை ஜெர்மன் அரசியல் சட்டமே காக்கிறது; கடைகள் அடைத்திருக்கும், தெருக்கள் ஒலியடங்கிக் கிடக்கும். குடும்பத்தோடு வாழ்பவருக்கு அது வாரத்தின் இனிய நாள். வந்து மூன்று மாதமே ஆன மாணவருக்கோ அதுதான் மிக நீண்ட நாள். அன்று வீட்டுக்குப் பேசும்போது தேர்வில் தோற்ற செய்தி மட்டும் சொல்லப்படாமல் போகிறது. மாணவர் நலச் சேவை அமைப்புகள் நடத்தும் உளவியல் ஆலோசனை மையங்கள் பல நகரங்களில் உள்ளன. அவற்றின் கதவைத் தட்ட நம் மாணவர் தயங்குவதும் உண்மை.

இதனால் இந்திய முறையே மேல் என்று வாதிடுவது அபத்தம். வளர்ந்தவரைக் குழந்தையாக நடத்தும் வருகைப்பதிவேட்டுக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் மேசையை விரல் முட்டியால் தட்டிப் பாராட்டும் ஜெர்மன் வகுப்பில், அதே மாணவர்கள் பேராசிரியரின் கருத்தை மறுத்தும் பேசுகிறார்கள்; எவரும் முகம் சுளிப்பதில்லை. அங்கே இந்திய மாணவர் வாய்மூடி அமர்ந்திருப்பது அறிவுக் குறையால் அன்று. எழுந்து நின்று வணங்கவும் குறிப்பெடுக்கவும் மட்டுமே பழக்கிய நான்காண்டுகளின் விளைவு அது. குற்றம் மியூனிக்கிலோ ஆஹனிலோ மட்டும் இல்லை.

பரிந்துரைக் கடிதங்களை ஆண்டுதோறும் கட்டுக்கட்டாக எழுதித் தரும் இந்தியப் பேராசிரியர்கள் செய்யக்கூடியது சிறிது அல்ல. இறுதியாண்டில் ஒரு பாடத்தையாவது பதிவேடில்லாமல், ஒரே தேர்வோடு நடத்திப் பார்க்கலாம். விசா ஆங்கிலத்தால் கிடைத்தாலும், வாடகை ஒப்பந்தமும் மருத்துவரும் அலுவலகக் கடிதமும் ஜெர்மனில்தான் பேசும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்று துறையில் இனிப்பு வழங்கப்படுகிறது. அதே நாளில் அப்படிப்பின் தேர்வு விதிமுறையைத் திறந்து, எத்தனை வாய்ப்பு, எந்நாளுக்குள் பதிவு, எந்நாள்வரை விலகலாம் என்ற மூன்றையும் மாணவரோடு அமர்ந்து படிக்க ஒரு மணி நேரம் போதும்.