பட்டறையில் பிறந்த கருவிக்கு ஆராய்ச்சி நிதி எங்கே?



உர விலை, கொள்முதல் விலை, மின்சாரம் என்று எத்தனையோ முறை வீதிக்கு வந்திருக்கிறோம். இந்தத் தடவை கேட்பது கொஞ்சம் புதுசு. அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிதியில் நமக்குப் பங்கு வேண்டும். "ஆராய்ச்சிக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் மேலே படியுங்கள்.

நம்ம பகுதி லேத் பட்டறைக்காரர் ஒருவர், மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆள் கிடைக்காத கொடுமையைப் பார்த்து, பவர் டில்லரில் மாட்டுகிற மாதிரி ஒரு கருவியைத் தானே அடித்துச் செய்தார். நாலு வருஷம், நாலு தோட்டத்தில் ஓட்டிப் பார்த்தார். முதல் இரண்டு வருஷம் கிழங்கு உடைந்தது. கொழுவின் சாய்வை மாற்றினார். உடைவது நின்றது. சங்கம்தான் அவரைப் பிடித்து மானியத்துக்கு விண்ணப்பம் போட வைத்தது.

நேர்காணலில் இங்கிலீஷில் கேட்டார்கள்: "உங்க டி.ஆர்.எல். எத்தனை?" நம்ம ஆளு சொன்னார்: "டிராக்டர் இல்லீங்க சார், பவர் டில்லருங்க." சிரித்தார்கள். அப்புறம் "கம்பெனி பதிவு இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

டி.ஆர்.எல். என்பது ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு தயாராக இருக்கிறது என்பதற்கான அளவுகோல். 1 என்றால் வெறும் தத்துவம். 9 என்றால் களத்தில் முழுதாக நிரூபணம். நாலு தோட்டத்தில் ஓடிய கருவி 6-க்குக் குறையாது. வேலையில் பாஸ், வார்த்தையில் பெயில்! இதுதான் நடந்தது.

பணம் இல்லையா? இருக்கிறது!

2018-19-ல் வந்த ரஃப்தார் வேளாண் தொழில்முனைவோர் திட்டத்தில், யோசனை நிலைக்கு 5 லட்சம், தொடக்க நிலைக்கு 25 லட்சம் வரை என்று விதி போட்டார்கள். தொடக்க நிலையில் 100 ரூபாய்க்கு 85 ரூபாய் மானியம், 15 ரூபாய் நம் கைப்பணம். இதற்கான வளர்ப்பு மையம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலேயே அமைந்தது. உயிரித் தொழில்நுட்பத் துறையின் பைராக் நிறுவனம் புதிய யோசனைகளுக்கு 50 லட்சம் வரை தரும் திட்டம் வைத்தது. 2025-ல் மத்திய அமைச்சரவை தனியார் துறை ஆராய்ச்சிக்கென்று 1 லட்சம் கோடி ரூபாய் நிதிக்கு ஒப்புதல் கொடுத்தது. அது நீண்ட காலத்துக்குக் குறைந்த வட்டியில் போகும் பணம். அதில் பட்டறைக்காரர் பெயர் எங்கே?

அமெரிக்காவைப் பாருங்கள். 1982-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். வெளியாருக்கு ஆராய்ச்சிப் பணம் தரும் பெரிய அரசுத் துறைகள், அதில் ஒரு பங்கைச் சிறு தொழில்களுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்றது சட்டம். 2017 நிதியாண்டில் அந்தப் பங்கு 3.2 சதவீதமாக உயர்ந்தது. வேளாண்மைத் துறையும் அதில் சேர்த்தி. முதல் கட்டப் பணம் யோசனையைச் சோதிக்க. தேறினால் இரண்டாம் கட்டம் வளர்த்தெடுக்க. முதலாளித்துவ நாடே சின்னவனுக்குச் சட்டப்படி பங்கு வைத்தபோது, நாம் கேட்டால் தப்பா?

கேட்காவிட்டால் என்ன ஆகும்? மகாராஷ்டிரத்தின் தாதாஜி கோப்ரகடே கதைதான். சந்திரபூர் மாவட்டத்துச் சிறு விவசாயி. 1980-களில் தன் வயலில் வித்தியாசமான சில கதிர்களைக் கண்டு, தனியே விதைத்து, வருஷக்கணக்கில் தேர்ந்தெடுத்து எச்.எம்.டி. நெல்லை உருவாக்கினார். பல மாநிலங்களில் பரவிய நெல் அது. பிற்பாடு அதைத் தூய்மைப்படுத்தி ஒரு வேளாண் பல்கலைக்கழகம் தன் ரகமாக வெளியிட்டது. அவருக்கு விருது வந்தது. வாழ்வு வரவில்லை. 2018-ல் வறுமையிலேயே கண்ணை மூடினார்.

நம்ம பக்கமும் குறை உண்டு

உண்மையைச் சொல்லவேண்டும். நாமும் மனு எழுதுவது போல விண்ணப்பம் எழுதுகிறோம். "ஐயா கருணை காட்டி" என்று ஆரம்பித்தால் ஒருவனும் படிக்கமாட்டான். கஷ்டத்தைச் சொல்லாதே, கணக்கைச் சொல்! ஏக்கருக்கு எத்தனை ஆள் கூலி மிச்சம், எத்தனை கிழங்கு உடைந்தது, பக்கத்து வயலில் கையால் பிடுங்கியபோது எத்தனை உடைந்தது என்று நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். போட்டோ எடுங்கள். இரும்புக்கடை பில்லைத் தூக்கி எறியாதீர்கள். ஆறு மாதத்தில் எதை முடிப்போம், அதற்கு என்ன செலவு என்று படிப்படியாகப் பிரியுங்கள். வந்த பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்று கொடுக்காவிட்டால் அடுத்த தவணை வராது. தனி ஆளாக முடியாவிட்டால் நம் உற்பத்தியாளர் கம்பெனியின் பெயரில் போடுங்கள். ஆனால் கருவி யாருடையது என்று முதலிலேயே எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெளியாள் ஏமாற்ற வேண்டியதில்லை, நமக்குள்ளேயே சண்டை வரும்.

நம் கோரிக்கைகள்

1. விண்ணப்பமும் நேர்காணலும் தமிழில் வேண்டும்.
2. கம்பெனி பதிவு இல்லாத விவசாயி, பட்டறைக்காரருக்கும் முதல் கட்ட நிதி தரவேண்டும். தேறிய பிறகு பதிவு செய்து கொள்ளட்டும்.
3. வேளாண் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கைச் சட்டப்படி சிறு தொழில்களுக்கு ஒதுக்கவேண்டும்.
4. தேர்வுக் குழுவில் சேற்றில் கால் வைத்த விவசாயிகள் உட்காரவேண்டும்.
5. 15 சதவீதக் கைப்பணம் இல்லாதவரின் உழைப்பையும் பழைய செலவையும் பங்காக ஏற்கவேண்டும்.
6. யாருக்கு, எதற்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்று வருஷாவருஷம் பட்டியல் வெளியிடவேண்டும்.

இது பிச்சை இல்லை. தீப்பெட்டியில் இருந்து டீசல் வரை நாம் கட்டிய வரிப்பணம். இந்த மாதக் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு மட்டும் வராதீர்கள். நீங்கள் செய்த கருவியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் வரிசையாக வைப்போம். விவசாயிக்கு மூளை இருக்கிறதா என்று அவர்களே பார்க்கட்டும்!

உழைப்பும் நமது! அறிவும் நமது! பங்கும் நமதே!