நகம் வெட்டப் போனால் கடிக்கிறதா? உறுமும் நாயை அதட்டாதீர்கள்!

"சாதாரணமா ரொம்ப சாதுவா இருப்பான். நகவெட்டியைப் பார்த்தா மட்டும் வேற ஆளா மாறிடுறான்." நாய் வளர்க்கும் நண்பர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. குளிப்பாட்ட, முடி சீவ, காது துடைக்க, நகம் வெட்ட என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு யுத்தம். கடைசியில் இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க, மூன்றாவது ஆள் அவசர அவசரமாக வேலையை முடிப்பார். 'அப்பாடா, முடிஞ்சுது' என்று பெருமூச்சு விடுவோம்.

நமக்கு முடிந்துவிட்டது. நாய்க்கு முடியவில்லை. அன்றைக்கு நடந்ததை அது ஞாபகம் வைத்திருக்கும். அடுத்த முறை நகவெட்டி வைத்திருக்கும் டிராயரைத் திறந்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். பயந்து கடிக்கும் நாயை மாற்றுவதற்கு முன், 'இன்னிக்கே முழுசா முடிச்சிடணும்' என்ற நம் பிடிவாதத்தை மாற்ற வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வரும் விஷயம்.

உண்மையிலேயே 'திடீர்னு' கடிச்சுதா?

பெரும்பாலும் இல்லை. கடிப்பதற்கு முன் நாய் பலமுறை 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கும். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடும். நாக்கால் மூக்கை நக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வாலை ஒடுக்கும். கண்ணின் வெள்ளைப் பகுதி தெரியும்படி ஓரமாகப் பார்க்கும். பிறகு கல் மாதிரி அசையாமல் நிற்கும். அதற்கும் பிறகுதான் உறுமல், பல்லைக் காட்டுவது, கடைசியாகக் கடி. பிரிட்டன் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இந்த வரிசையை ஓர் ஏணியாகவே வரைந்து காட்டியிருக்கிறார். கீழ்ப்படிகளில் சொன்னதை யாரும் கேட்காவிட்டால் நாய் மேலே ஏறுகிறது.

'அசையாம நிக்கிறான், பழகிட்டான்' என்று நாம் சந்தோஷப்படும் அந்த நொடிதான் பல நேரங்களில் மிக ஆபத்தான நொடி.

இன்னொரு பழக்கம், உறுமினால் மூக்கில் ஒரு தட்டு தட்டுவது. அடித்தால் உறுமல் நிற்கும், பயம் நிற்காது. எச்சரிக்கை கொடுத்தால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். உறுமல் உங்களுக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு. கையை எடுத்துவிட்டு, எந்த இடத்தில் உறுமியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் டாக்டர்

நேற்று வரை காதைத் தொடவிட்ட நாய் இன்று கடிக்க வருகிறது என்றால், அதைச் சேட்டை என்று நினைக்காதீர்கள். காதில் தொற்று, பல் வலி, இடுப்பு மூட்டுத் தேய்மானம், உண்ணி கடித்த புண் என்று ஏதாவது ஒன்று இருக்கலாம். முடி சிக்குப் பிடித்து சடையாகியிருந்தால், ஒவ்வொரு சீப்பு இழுப்பும் தோலைப் பிய்ப்பது போல வலிக்கும். அந்த நிலையில் சீவிச் சரிசெய்யப் பார்ப்பதைவிட, தெரிந்தவரிடம் கொடுத்து ட்ரிம்மரால் எடுத்துவிடுவதே கருணை. கத்தரிக்கோலால் நீங்களே வெட்டினால் தோல் சேர்ந்து வெட்டுப்படும்.

நகத்துக்குள் ரத்தநாளமும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. ஒருமுறை அங்கே வெட்டுப்பட்டிருந்தால், நாய் பயப்படுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒரு நாளைக்கு ஒரு நகம்

'ஆபீஸ் வேலைக்கே நேரம் இல்ல, இதுல நாய்க்குப் பயிற்சியா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரும்பாலான நாய்களுக்கு 18 நகங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு நகம் வெட்டினால் 18 நாளில் ஒரு சுற்று முடியும். அடுத்த சுற்றுக்கு நேரம் வருவதும் கிட்டத்தட்ட 3, 4 வாரத்தில்தான். தினமும் 2 நிமிடம் போதும்.

ஆனால், முதல் நாளே வெட்ட முடியாது. படிப்படியாகப் போங்கள்:

• நகவெட்டியைத் தரையில் வையுங்கள். நாய் பார்த்தால் ஒரு துண்டு வேகவைத்த சிக்கன், உப்பு, மசாலா இல்லாமல். அன்றைக்கு அவ்வளவுதான்.

• அடுத்து, காலைத் தொடுங்கள், சிக்கன் கொடுங்கள். பிறகு காலைப் பிடித்து ஒரு நொடி. பிறகு நகவெட்டி நகத்தில் படுவது மட்டும்.

• ட்ரிம்மர், ட்ரையர் சத்தத்துக்குப் பயந்தால், நாய் சாப்பிடும்போது பக்கத்து அறையில் அதை ஓடவிடுங்கள். நாள்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவாருங்கள்.

• குளியலறை டைல்ஸ் வழுக்குவதே பல நாய்களுக்குப் பயம். ஒரு ரப்பர் மேட் போட்டால் பாதிப் பிரச்னை தீரலாம்.

எந்தப் படியில் நாய் முகத்தைத் திருப்புகிறதோ, அங்கே நிறுத்தி முந்தைய படிக்குத் திரும்புங்கள். பிரிட்டன் பயிற்சியாளர் சிராக் படேல் உருவாக்கிய 'பக்கெட் கேம்' இந்த யோசனையில்தான் நடக்கிறது. தின்பண்டம் உள்ள டப்பாவை நாய் பார்த்துக்கொண்டிருக்கும் வரை நாம் தொடலாம். பார்வையை விலக்கினால் நாம் நிறுத்த வேண்டும். 'நான் சொன்னா நிறுத்துவாங்க' என்ற நம்பிக்கை வந்த நாய்க்குக் கடிக்க வேண்டிய அவசியம் குறைகிறது.

அமுக்கிப் பிடிப்பதும் மயக்கி வைப்பதும்

பக், ஷிட்சூ போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு இயல்பாகவே மூச்சுவிடுவது சிரமம். பயத்தில் இரைக்கும்போது கழுத்தை அழுத்திப் பிடித்தால், சூடான ட்ரையரும் சேர்ந்தால், உயிருக்கே ஆபத்தாகலாம்.

'ஒரு மாத்திரை கொடுத்துட்டா ஈஸி' என்று யாராவது சொன்னால், அவர் கால்நடை மருத்துவரா என்று மட்டும் பாருங்கள். சில மருந்துகள் உடலை அசையவிடாமல் செய்யும், பயத்தைக் குறைக்காது. பயத்தையே குறைக்கும் மருந்துகளும் இருக்கின்றன. எதை, எவ்வளவு என்பதை நாயின் எடை, வயது, இதயம் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ரொம்பப் பயப்படும் நாய்க்கு மருத்துவமனையிலேயே மயக்க மருந்து கொடுத்து ஒருமுறை முடி எடுப்பதில் தவறும் இல்லை, வெட்கமும் இல்லை.

வாய்மூடி போடுவதைக் கொடுமை என்று பலர் நினைக்கிறார்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை அப்படித்தான். நாயால் இரைக்கவே முடியாது. கூடை மாதிரி இருக்கும் வகையை வாங்குங்கள். அதில் நாய் வாய் திறந்து மூச்சு விடலாம், தண்ணீர் குடிக்கலாம், சிக்கன் வாங்கிச் சாப்பிடலாம். அதற்குள் தானாக மூக்கை நீட்டும் அளவுக்கு வீட்டில் முதலில் பழக்குங்கள்.

பார்லர்காரரிடம் மறைக்காதீர்கள்

இதுதான் நம்மில் பலர் செய்யும் பெரிய அநியாயம். 'கடிக்கும்னு சொன்னா எடுத்துக்க மாட்டாங்க' என்று வாயை மூடிக்கொள்கிறோம். கடி வாங்குவது அந்தக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பையனின் கை. அவருக்கு அந்தக் கைதான் சோறு. எந்த இடத்தைத் தொட்டால் கடிக்கும், கடைசி வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போட்டது என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

பதிலுக்கு நீங்களும் கேளுங்கள். நான் கூடவே இருக்கலாமா? பயந்தால் பாதியில் நிறுத்துவீர்களா? பாதி வேலை இன்றைக்கு, மீதி அடுத்த வாரம் என்றால் சம்மதமா? 'எப்படியும் முடிச்சுக் கொடுத்துடுவோம்' என்று சொல்லும் இடத்தைவிட, 'இன்னிக்கு இவ்ளோதான், மறுபடி கூட்டிட்டு வாங்க' என்று சொல்லும் இடம் நல்ல இடம். அதற்குக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்கலாம், தப்பில்லை.

கடித்துவிட்டால்?

'நம்ம வீட்டு நாய்தானே' என்று விடாதீர்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி வேண்டுமா, வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

இன்னும் நாய் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷிட்சூவின் நீண்ட முடிக்குத் தினமும் சீப்பு வேண்டும். சிப்பிப்பாறைக்கு ஈரத்துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். போட்டோவில் அழகாகத் தெரியும் முடியை யார் தினமும் சீவப் போகிறார்கள் என்பதை வாங்கும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். குட்டியாக வந்த முதல் வாரத்திலிருந்தே காலையும் காதையும் தொட்டுப் பழக்குங்கள். பிற்பாடு யாரும் யாரையும் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது.