சோதனைக் கிணறுதானேன்னு சொல்லாதீங்க

சென்னையில வேலை பார்க்குற என் மருமகன் போன்ல கேட்டான்: "மாமா, அது வெறும் சோதனைக் கிணறு. கேஸ் இருக்கான்னு பார்க்கப் போறாங்க, அவ்வளவுதான். அதுக்கு ஏன் இவ்வளவு கூச்சல்? நம்ம வீட்டு அடுப்பும் கேஸ்லதானே எரியுது?"

நியாயமான கேள்வி. பட்டணத்துல இருக்கிற உங்களுக்கும் இது தோணும். அதனால சொல்றேன்.

எங்க நெற்குப்பைப் பக்கம் கண்மாய் வத்துனா போர்த் தண்ணிதான். நாங்களும் "போட்டுப் பார்ப்போம்"னுதான் போர் வண்டியைக் கூப்பிடுறோம். தண்ணி வந்த போரை எவனாவது மூடியிருக்கானா? அன்னைக்கே மோட்டார் விலை விசாரிப்பான். கேஸ் கிணறும் அப்படித்தான்.

நெடுவாசலைப் பாருங்க. ஓ.என்.ஜி.சி. எப்பவோ துளைச்சுப் பார்த்துட்டுப் போன இடம். பிறகு அது "கண்டறியப்பட்ட சிறு வயல்"னு ஏலத்துக்கு வந்து, 2017 பிப்ரவரியில மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஊரே பந்தல்ல வந்து உட்கார்ந்தது அதுக்கப்புறம்தான்.

சோதனையும் சும்மா இல்லை. கிலோமீட்டர் கணக்குல ஆழம். நாம குடிக்கிற தண்ணி மட்டத்தைத் தாண்டித்தான் துளைக்கணும். இரும்புக் குழாய் இறக்கி, சுத்தி சிமெண்ட் போடுவாங்க. சரியாப் போட்டா தண்ணி தப்பும், ஒத்துக்கிறேன். ஆனா ரசாயனம் கலந்த சேறும் பாறைத்தூளும் மேல வரும். கேஸ் எவ்வளவு வருதுன்னு அளக்கத் திறந்துவிட்டு எரிப்பாங்க. இதெல்லாம் நடக்கிறது வயக்காட்டுக்கு நடுவுல.

இதுக்கு ஊர்ல கருத்துக் கேட்கவே வேண்டாம்னு 2020 ஜனவரியில மத்திய அரசு விதியைத் திருத்திடுச்சு. அடுத்த மாசம் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டாந்துச்சு. நல்லது. ஆனா அது டெல்டாவுக்கு. சிவகங்கையும் ராமநாதபுரமும் அதுல இல்லை. வானம் பார்த்த பூமியில விளையுறது சோறு இல்லையா?

2025 மார்ச்சில பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துல 20 சோதனைக் கிணறுக்கு அனுமதி கொடுத்தாங்க. ஜனங்களுக்குத் தெரிஞ்சது ஆகஸ்ட்ல. எதிர்ப்பு கிளம்பின பிறகுதான் அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லி மாநில அரசு சொன்னது.

கேஸே வேண்டாம்னு நான் சொல்லலை. துளைக்கிறதுக்கு முன்னாடி ஊரைக் கூட்டிக் கேளுங்கன்னுதான் சொல்றேன். பொண்ணு பார்க்க வர்றவங்ககூட வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிட்டுத்தானே வர்றாங்க?