இரண்டு வீட்டு அடுப்பும் எரிய வேண்டும்!

நாலு பேருக்குச் சமைத்திருக்கும்போது திடீரென்று ஐந்தாவது ஆள் வந்தால், ரசத்தில் ஒரு சொம்பு தண்ணீர் சேர்த்துச் சமாளித்துவிடலாம். ஆனால், சோறு போடுகிற வீட்டிலேயே அரிசி தீர்ந்துபோனால்?

லெபனானுக்கு நேர்ந்தது அதுதான். 2011-ல் சிரியாவில் போர் மூண்டது. அங்கிருந்து உயிர் பிழைக்க வந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்கிறது லெபனான் அரசு. நம் கேரளத்தைவிட மிகச் சிறிய நாடு அது!

ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம், 2013-ல் இந்த அகதிகளுக்கு ஒரு கார்டு கொடுத்தது. பார்ப்பதற்கு ஏ.டி.எம். கார்டு மாதிரிதான். மாதாமாதம் அதில் பணம் ஏறும். திட்டத்தில் சேர்ந்த மளிகைக் கடையில் தேய்த்துப் பொருள் வாங்கலாம். பருப்பா, முட்டையா, குழந்தைக்குப் பாலா என்று அந்த வீட்டு அம்மாவே முடிவு செய்வார். மூட்டைக்காக வரிசையில் நிற்க வேண்டாம். காசும் உள்ளூர்க் கடைக்கே போகும்.

2019-ல் லெபனானின் பொருளாதாரமே சரிந்தது. வங்கியில் போட்ட சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் மக்கள் தவித்தனர். 1997 முதல் டாலருக்கு சுமார் 1,500 பவுண்டு என்று இருந்த மதிப்பு, 2023 மார்ச்சில் வெளிச்சந்தையில் 1 லட்சத்தைத் தாண்டியது. நடுவே, 2020 ஆகஸ்ட் 4-ல் பெய்ரூட் துறைமுகம் வெடித்து, கோதுமைக் கிடங்கும் சிதைந்தது. செலவைக் குறைக்க, ராணுவ வீரர்களின் சாப்பாட்டில் இறைச்சியையே நிறுத்தினார்கள்.

கார்டில் ஏறிய பவுண்டு, கடைக்குப் போவதற்குள் கரைந்தது. தொகையை உயர்த்த உயர்த்த, விலை முந்திக்கொண்டது. சம்பளம் செல்லாக்காசான உள்ளூர்க்காரருக்கோ, "அவங்களுக்காவது கார்டு இருக்கு, நமக்கு?" என்ற ஆற்றாமை.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஏழை லெபனான் குடும்பங்களுக்கும் 2014 முதல் இதே போன்ற கார்டு உண்டு என்றாலும், கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நெருக்கடி முற்றியதும் அது பல மடங்கு விரிந்தது. 2022-ல் உலக வங்கிக் கடனுதவியோடு டாலரிலேயே உதவி தரும் திட்டமும் வந்தது.

பசிக்கு ஊர் கிடையாது. வந்தவர் தட்டை மட்டும் நிரப்பினால் பக்கத்து வீட்டில் பகை வளரும். இடம் கொடுத்தவர் வயிறும் நிறைந்தால்தான், தஞ்சம் வந்தவர் நிம்மதியாகச் சாப்பிட முடியும்.