தங்கமான பையன், குடும்பப்பாங்கான பொண்ணு, கறாரான மனுசன்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப டிவியில 'தெனாலி' ஓடிட்டிருந்துச்சு. 2000ல வந்த படம். கமல் எதைப் பார்த்தாலும் பயப்படுவார். டாக்டர் ஜெயராம் லீவுக்குக் கொடைக்கானல் போனா, அங்கேயும் பின்னாடியே போய் நிப்பார். வீடே விழுந்து விழுந்து சிரிச்சுது. நானும்தான். பெரியப்பா பையன் மட்டும் மெதுவா எழுந்து தறி ஷெட்டுப் பக்கம் போயிட்டார்.

அண்ணனும் இஞ்சினியர்தான். நாலு கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பேர் குடுத்துட்டு நாலுக்கும் போகலை. அப்புறம் சோமனூர்ல சொந்தத் தறி, கணக்கு எழுதற வேலை. கல்யாணம் காட்சிக்கு வரமாட்டார், போன் எடுக்கமாட்டார். மனுசங்க வேண்டாம்னு இல்லை, பழகணும்னு ஆசை நிறையவே இருக்கு. சிரிச்சுருவாங்களோங்கற பயம் அதைவிடப் பெருசு. பெரியம்மாவைக் கேட்டா, "அவன் சின்னதுல இருந்தே பயந்த சுபாவம் கண்ணு. அதிர்ந்து பேசமாட்டான், தங்கமான பையன்" என்பார்.

இந்தத் 'தங்கமான பையன்' மேலதான் எனக்குக் கோபம்.

மனநல மருத்துவத்தில் பதற்றமும் பயமும் சார்ந்த ஆளுமைக் கோளாறுகள் என்று மூன்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டில் இது 'சி' பிரிவு. அவமானத்துக்குப் பயந்து மனிதர்களையே தவிர்ப்பது முதல் வகை. அடுத்தவர் சொல்லாமல் சின்ன முடிவுகூட எடுக்க முடியாமல் ஒட்டிக்கொள்வது இரண்டாவது. எல்லாம் தன் கட்டுப்பாட்டில், அப்பழுக்கில்லாமல் இருந்தே தீரணும் என்று தானும் வதங்கி அடுத்தவரையும் வதக்குவது மூன்றாவது. (அடிக்கடி கை கழுவும் ஓசிடி வேறு, இது வேறு.)

இந்த மூன்றுக்கும் கொங்கு நாட்டில் நாம் வைத்திருக்கும் பெயர்கள்தான் தலைப்பு. முதல் ஆள் தங்கமான பையன். ரெண்டாவது, புருசனைக் கேக்காம சேலைகூட எடுக்காத குடும்பப்பாங்கான பொண்ணு. மூணாவது, ஆள் வெச்சும் ராத்திரி பன்னெண்டு மணிக்கு தானே ஸ்டாக் எண்ணும் கறாரான மொதலாளி. வியாதிக்கு நற்சான்றிதழ் குடுத்துட்டா அப்புறம் யாரு ஆஸ்பத்திரிக்குப் போவா?

"அப்போ கூச்சப்படறவன் எல்லாம் நோயாளியாங்க?" என்று கேப்பீங்க. இல்லீங்க. இளம் வயசுலயே தொடங்கி, வீடு, வேலை, உறவு என்று எல்லா இடத்திலும் பரவி, வாழ்க்கையையே முடக்கினால்தான் கோளாறு. 'நம்ம பக்கத்துக் கலாச்சாரமே அப்படித்தான்' என்பதற்கும் பதில் இருக்கிறது. பணிவையும் மரியாதையையும் கோளாறென்று எடுத்துக்கொள்ளாதே, அந்த ஊர் வழக்கத்தையும் தாண்டிப் போகிறதா பார் என்று டிஎஸ்எம்மே சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11, 2022ல் அமலுக்கு வந்தது. அது இந்த மூணு பேரையும் எடுத்துட்டு, பாதிப்பு எவ்வளவு தீவிரம்னு முதல்ல பாருங்கறது.

இது எப்படி வளருதுன்னு நம்ம பாஷையில சொல்றேன். ப்ரோக்ராம்ல எர்ரர் வருது. அதை சரிபண்ணாம, கேட்ச் பண்ணி சத்தமில்லாம முழுங்க வெச்சுட்டா ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாது. பக் அப்படியேதான் இருக்கும். தவிர்த்தலும் இதேதான். இன்டர்வியூவுக்குப் போகலைன்னா அந்த நிமிசம் அப்பாடான்னு இருக்கும். அந்த நிம்மதியே அடுத்த தடவையும் போகாதேன்னு சொல்லிக்குடுக்கும். 'போனா சிரிப்பாங்க' என்பது நிஜமா பொய்யான்னு கடைசிவரைக்கும் தெரியாமலே போயிரும்.

இதை மாற்ற வழி இருக்கிறது. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சை, படிப்படியா பயத்தை எதிர்கொள்ளப் பழக்குவது எல்லாம் உண்டு. மாத்திரை சுபாவத்தை மாத்தாது, கூடவே வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உதவும். மாசக்கணக்கில், சிலருக்கு வருசக்கணக்கில் ஆகும். ஆனா நம்மாளுங்களுக்கு மனநலம்னா ஏர்வாடிதான். 2001 ஆகஸ்ட் 6ல் அங்கே சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் தீயில் சிக்கினார்கள், 28 பேர் இறந்தார்கள். சங்கிலி போடற அளவுக்குப் போனாத்தான் வியாதி என்ற நினைப்பு இன்னும் போகலை. மற்ற நோய்க்கு இருப்பதுபோல மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தரணும்னு 2017ம் வருச மனநலச் சட்டமே சொல்லிருச்சு. நாமதான் இன்னும் கோயில் கயித்தோட நிக்கிறோம்.

சிரிச்ச படத்துக்கே திரும்ப வர்றேன். தெனாலியோட பயத்துக்கு இலங்கைப் போர்னு ஒரு காரணமாவது சொன்னாங்க. கேலியோ கிண்டலோ, அவன் டாக்டர்கிட்டயாவது போனான். எங்க வீட்டுல 31 வயசுல ஒருத்தர் இன்னும் போகலை.

அதுல எனக்கும் பங்கு இருக்கு. அஞ்சு வருசமா அண்ணனுக்குப் பதிலா பேங்க்குக்கும் நூல் வியாபாரிக்கும் போன் பண்ணிக் குடுக்கறது நான்தான். உதவின்னு நெனச்சேன். அந்த எர்ரரை முழுங்க வெச்ச ஆளே நான்தான். போன வாரம் முதல்முறையா, "நீங்களே பேசுங்கண்ணா, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்"னேன். இருபது நிமிசம் போனையே பாத்துட்டு உக்காந்திருந்தார். அப்புறம் பண்ணினார்.

அடுத்த போன் டாக்டருக்கு. அதையும் அவரேதான் பண்ணணும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு உங்க மச்சானுக்குப் பட்டம் கட்டிடாதீங்க. கண்டுபிடிக்கறது அதுக்குப் படிச்சவங்க வேலை. எங்க போறதுன்னு தெரியலைன்னா டெலி மானஸ் 14416, காசில்லை, தமிழ்லயே பேசலாம்.